பிரஸ்காரர் வீட்டுப் பையன் பார்வைல ஒரு ஏற்காடு வாட்டர் கலர் கடை

மொதல்லயே சொல்லிடுறேன், நான் காசு குடுத்து படம் வாங்குற ஆளே கெடையாதுங்க. எங்க வீட்டு செவுத்துல இருந்தது எல்லாம் தாத்தா போட்டோ, ஒரு கடிகாரம், அப்புறம் அப்பா பிரஸ்ல அடிச்ச காலண்டர், அவ்ளோதான். அப்பா செவ்வாப்பேட்டைல முப்பது வருஷத்துக்கு மேல பிரஸ் வெச்சிருந்தாரு, கல்யாண பத்திரிகை, வெள்ளிக்கடைக்கு பில் புக்கு, கொலுசு டப்பா மேல ஒட்டுற ஸ்டிக்கர் இப்படி. நான் வளந்ததே இங்க் வாசனைலதான். அதனால "ஆர்ட் பிரிண்ட்"னு யாராவது சொன்னா எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புதான் வரும், பிரிண்ட்னா பிரிண்ட்தானே, அதுல என்ன ஆர்ட்டு, அதுக்கு எதுக்கு ரெண்டாயிரம்னு.

புது வீட்டு ஹால்ல ஒரு பெரிய செவுரு மொட்டையா நிக்குது, எதாவது மாட்டுங்கனு வீட்டுக்காரி ஆறு மாசமா சொல்லிட்டே இருந்தா. சரினு போன வருஷம் ஆன்லைன்ல ஏற்காடு பனி மூட்டம்னு ஒரு கேன்வாஸ் பிரிண்ட் போட்டு வாங்குனேன். வந்துச்சு. பனி நீலமா இருந்துச்சு. டியூப்லைட் போட்ட ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஒரு நீலம். அப்பா ஒரே ஒரு தடவ பாத்துட்டு "இது ஏற்காடு இல்லடா, பிரிட்ஜுக்குள்ள எடுத்த போட்டோ"ன்னாரு. அது இப்ப பரண் மேல கெடக்கு.

அப்புறம்தான் சித்தி பொண்ணு சொல்லி, ஏற்காட்டுல வாட்டர் கலர் படம் வரைஞ்சு அத பிரிண்ட் போட்டு விக்குற இந்த அக்கா கடைக்கு போனேன். கடைனு சொல்றேன், ஆனா ஒண்டிக்கடைல இறங்கி உள்ள ஒரு சந்துல நடந்தா வர்ற ஒரு ஓட்டு வீட்டோட முன் ரூம்தான். போர்டு கூட கெடையாது, ஜன்னல்ல ஒரு படம் சாத்தி வெச்சிருப்பாங்க, அதான் அடையாளம். பேரும் நம்பரும் போட வேணாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க, மே மாசம் கோடை விழா சமயத்துல கூட்டம் வந்து ஒரு தடவ காயாத படத்து மேல யாரோ கைய வெச்சுட்டாங்களாம். அதனால இந்த ரிவ்யூல வழி கேட்டு கமெண்ட் போடாதீங்க, ஒண்டிக்கடைல விசாரிச்சா டீக்கடைக்காரரே சொல்லுவாரு.

உள்ள போனதும் நான் கேட்ட மொத கேள்வியே கொஞ்சம் திமிரான கேள்விதான். "அக்கா இது ஆஃப்செட்டா டிஜிட்டலா?" பிளேட் செஞ்சு மெஷின்ல மொத்தமா அடிக்குறது ஆஃப்செட், கம்ப்யூட்டர்ல இருந்து நேரா அடிக்குறது டிஜிட்டல்.

"இங்க்ஜெட் தம்பி. ஜீக்ளேனு ஒரு பேரு இருக்கு, அந்த பேர சொன்னா வெல ஏத்தலாம், நான் இங்க்ஜெட்னே சொல்லிடுறது."

அங்கயே எனக்கு அவங்கள புடிச்சுப் போச்சு. அந்த ஜீக்ளேங்குற பேரே 1991ல அமெரிக்கால ஜாக் டுகான்னு ஒரு பிரிண்டர், இங்க்ஜெட்னு சொன்னா ஆளுங்க ஆபீஸ் பிரிண்டர்னு நெனச்சு மதிக்க மாட்டாங்கனு பிரெஞ்சுல இருந்து எடுத்து வெச்சதுதான், பீச்சி அடிக்குறதுனு அர்த்தம். நம்ம ஊர்ல தட்டுவடை செட்டுக்கு வெளிநாட்டு பேர் வெச்சு வித்த மாதிரி.

சரி விஷயத்துக்கு வரேன். அங்க போய் ரெண்டு மணி நேரம் உக்காந்ததுல எனக்கு மண்டைல அடிச்ச மாதிரி ஒண்ணு புரிஞ்சுச்சு. வாட்டர் கலர்ல வெள்ளை பெயிண்ட்ட நம்பி வரைய மாட்டாங்க. வெள்ளைனா பேப்பர்தான். எங்க வெள்ளை வேணுமோ அங்க பிரஷ்ஷ வெக்காம விட்டுடணும், ஒரு தடவ கலர் விழுந்துருச்சுனா திரும்ப அந்த வெள்ளை வராது. இத கேட்டதும் எனக்கு அப்பா பிரஸ்தான் ஞாபகம் வந்துச்சு. அங்க மட்டும் என்ன, சியான், மெஜந்தா, யெல்லோ, பிளாக், நாலுதான். வெள்ளை இங்க் எங்க இருக்கு? பத்திரிகைல வெள்ளையா தெரியுறது எல்லாம் இங்க் படாத பேப்பர்தானே. ரெண்டு எடத்துலயும் கலரு கண்ணாடி மாதிரி, வெளிச்சம் அதுக்குள்ள பூந்து பேப்பர்ல பட்டு திரும்பி வரும், அதான் நமக்கு கலரா தெரியுது. அப்போ வாட்டர் கலரும் பிரிண்டும் பங்காளிங்க. ஆயில் பெயிண்டிங்க பிரிண்ட் போடுறதுதான் வேற ஜாதிய கொண்டாந்து சேக்குற வேலை, இது அப்படி இல்ல.

இத நான் ரொம்ப ஆர்வமா சொன்னேன், அக்கா சிரிச்சுட்டு ஒரு படத்த எடுத்து முன்னாடி வெச்சாங்க. வெள்ளைக்கல் மலை. நம்ம சேலத்துக்காரங்களுக்கு சொல்லவே வேணாம், டவுன்ல இருந்து மலைக்கு போற வழில மேக்னசைட் வெட்டி வெட்டி குவிச்சு வெச்சிருக்கே, வெயில்ல கண்ணு கூசுமே, அதேதான். அந்த மலைய அவங்க வரையவே இல்லீங்க. மேல வானத்துக்கு ஒரு வெளுத்த சாம்பல், கீழ ரெண்டு வேலிக்காத்தான் புதர், ஒரு லாரி அளவுக்கு செம்மண் கலர்ல ஒரு திட்டு, நடுவுல ஒண்ணுமே இல்ல, வெறும் பேப்பர். அந்த வெறும் பேப்பர்தான் மலை. ஏப்ரல் மாசம் மத்தியானம் பைக்ல அந்த வழியா போனவன் யாரா இருந்தாலும் அத பாத்ததும் கண்ண சுருக்குவான். நான் சுருக்கினேன்.

"முப்பது தடவ போட்டேன் தம்பி இத. மொதல்ல எல்லாம் மலைக்கு நெழல் போட்டேன், கல்லு கல்லா போட்டேன், எதுவும் வெளிச்சம் வரல. கடைசில கடுப்புல விட்டுட்டேன், வந்துருச்சு."

அவங்க சொந்த ஊரு கீழ அம்மாபேட்டை, கல்யாணம் ஆகி மேல வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சாம். ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா இருந்தாங்களாம் கொஞ்ச நாள். படத்துக்கு ஐடியா எங்க இருந்து வருதுக்கானு கேட்டா பெருசா ஒண்ணும் சொல்லல, ஒரு நோட்ட காட்டுனாங்க. கோடு போட்ட சாதா நோட்டு. தேதி போட்டு அன்னைக்கு ஜன்னல் வழியா பனி என்ன கலர்ல இருந்துச்சுனு ஒரு சின்ன கட்டம், பக்கத்துல ரெண்டு வார்த்தை. "காலைல 7, பால்ல டிகாஷன் ரெண்டு சொட்டு." "சாயங்காலம், ஈர சிமெண்ட்." "மழைக்கு முன்னாடி, பழைய வேட்டி." நோட்டு பூரா இதான். சாம்பல் கலர்லயே இருநூறு வகை இருக்கும் போல. கருப்பு பெயிண்ட் தொடவே மாட்டாங்களாம், அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாங்குற ஒரு செங்கல் காவியையும் கலந்துதான் எல்லா சாம்பலும். நீலம் கொஞ்சம் கூட போனா காலைல, காவி கூட போனா சாயங்காலம்.

அந்த அல்ட்ராமரீன்ல ஒரு விசேஷம் இருக்கு, அது தண்ணில முழுசா கரையாது, பொடி பொடியா பேப்பரோட குழில போய் உக்காந்துக்கும், காஞ்ச அப்புறம் கிட்ட போய் பாத்தா மணல் தூவுன மாதிரி இருக்கும். பனிக்கு அதான் உயிரு. அதுலயும் ஏற்காட்டு ஈரத்துக்கு ஒரு வாஷ், அதாவது தண்ணி நெறைய கலந்த மெல்லிசு கலர் பூச்சு, போட்டா அரை மணி நேரம் ஆனாலும் காயாதாம். "கீழ உங்க ஊர்ல பிரஷ்ஷ எடுக்குறதுக்குள்ள காஞ்சுரும், ஓரம் எல்லாம் கத்தி மாதிரி நிக்கும். இங்க கலரு அதுவா ஊர்ந்து ஊர்ந்து போகும், நான் டீ குடிச்சுட்டு வந்து பாத்தா படம் வேற மாதிரி ஆகியிருக்கும்"ன்னாங்க. ஐப்பசி மழைல ஹேர் டிரையர் வெச்சுதான் வேலையாம், கரெண்ட் போனா அதுவும் இல்ல.

நான் வாங்குனது மூணு. ஒவ்வொண்ணா சொல்றேன்.

மொதல்ல காப்பி பூ. ஏ4 சைஸ், 900 ரூபா. இதுக்கு நான் பத்துக்கு பத்து மார்க் போடுவேன். காப்பி தோட்டத்துல மார்ச் ஏப்ரல்ல ஒரு நல்ல மழை விழுந்துச்சுனா ஒரு பத்து நாள்ல கெளை பூரா வெள்ளையா பூத்துரும், மல்லி மாதிரி வாசம், ஆனா மூணு நாலு நாள்தான், அப்புறம் காப்பி கலர்லயே வாடிரும். அந்த நாள்ல மேல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். இந்த படத்துல பூவ வரையல, பூவ சுத்தி இருக்குற இலைய வரைஞ்சிருக்காங்க, இலை எங்க முடியுதோ அங்க பூவோட ஓரம். ஒரு எடத்துல மட்டும் இலையோட பச்சை லேசா கசிஞ்சு பூவுக்குள்ள போயிருக்கு, அது தப்பா வேணும்னே பண்ணதானு தெரியல, கேக்கவும் இல்ல, ஆனா அந்த கசிவுதான் மொத்த படத்தையும் ஈரமா காட்டுது.

வீட்டுக்கு கொண்டாந்து அப்பா கைல குடுத்தேன். அவரு படத்த பாக்கல, நேரா உள்ள போய் பழைய லூப்ப எடுத்துட்டு வந்தாரு, புரூஃப் பாக்குற அந்த சின்ன கண்ணாடி. ஜன்னல் ஓரமா நின்னு பத்து நிமிஷம். ஆஃப்செட்ல அடிச்சிருந்தா லூப்ல பாத்தா நாலு கலர் புள்ளியும் சேந்து குட்டி குட்டி பூவா தெரியும். இதுல அது இல்ல, மாவு சலிச்ச மாதிரி ஒரே பொடி. "டாட்டே தெரியலையேடா"ன்னாரு. அப்புறம் பேப்பர காதுகிட்ட கொண்டு போய் தட்டி பாத்தாரு, ஓரத்த ரெண்டு வெரலால தேச்சு பாத்தாரு. "பருத்தி. முன்னூறு ஜிஎஸ்எம் இருக்கும்." ஜிஎஸ்எம்னா பேப்பரோட கனத்துக்கு சொல்ற கணக்கு. கரெக்ட்டா சொன்னாரு, அக்காவும் அதான் சொல்லியிருந்தாங்க.

பேப்பர் விஷயத்துலதான் இந்த அக்கா மத்தவங்ககிட்ட இருந்து தனியா நிக்குறாங்க. நம்ம கடைல கெடைக்குற பளிச்னு வெள்ளை பேப்பர்ல எல்லாம் ஒரு கெமிக்கல் போட்டிருப்பாங்க, பிரைட்னர், துணிக்கு நீலம் போடுற மாதிரி. கண்ணுக்கு வெள்ளையா தெரியும் ஆனா உள்ள ஒரு நீலம் ஓடும். நான் மொதல்ல வாங்குன கேன்வாஸ்ல பனி நீலமானதுக்கு பாதி காரணம் அதுவாத்தான் இருக்கணும்னு இப்ப தோணுது. அக்கா பிரைட்னர் இல்லாத, லேசா மோர் கலர்ல இருக்குற பேப்பரா பாத்து எடுக்குறாங்க, ஏன்னா வெள்ளை பூவும் வெள்ளை மலையும் பனியும் எல்லாமே பேப்பர்தானே, பேப்பர் தப்பா போனா படமே போச்சு. இன்னொண்ணு, வரையுற பேப்பர் சொரசொரப்பு, ஸ்கேன் பண்ணும்போது அந்த சொரசொரப்போட நெழலும் சேந்து வந்துரும், அத மறுபடி சொரசொரப்பான பேப்பர்லயே அடிச்சா ரெண்டு சொரசொரப்பும் அடிச்சுக்கும், படம் சொறி புடிச்ச மாதிரி ஆயிரும். அதனால பிரிண்ட் மட்டும் வழுவழு பேப்பர்ல. தூரத்துல இருந்து பாத்தா கைல வரைஞ்ச மாதிரியே இருக்கு, தொட்டு பாத்தாதான் தெரியும்.

ரெண்டாவது, கொண்டை ஊசி வளைவு. ஏ3, 2,000 ரூபா, இதான் ஹால் செவுத்துக்கு. நம்ம ஏற்காடு ரோட்டுல 20 வளைவு இருக்குல்ல, அதுல மேல போக போக ஒரு எடத்துல திடீர்னு பனிக்குள்ள பூந்துருவோமே, லைட்ட போடுவோமே, அந்த எடம். ரோடு பாதில காணாம போகுது, ஒரு சில்வர் ஓக் மரம் மட்டும் மங்கலா, அதுல மெளகு கொடி ஏறியிருக்கு. வண்டி ஒண்ணும் கெடையாது, ஆனா எதிர்ல ஒரு பஸ் வரப்போகுதுனு வயிறு சொல்லுது. ரொம்ப நல்ல படம். ஆனா ஏ4 ஸ்கேனர்ல ரெண்டு பாதியா ஸ்கேன் பண்ணி ஒட்டுனதாம் இது, வலது பக்கம் மேல வானத்துல அந்த ஒட்டு லேசா தெரியுது. லேசானா, எனக்கும் அப்பாவுக்கும் தெரியுது, வீட்டுக்காரிக்கு தெரியல. பிரஸ் வீட்டுல பொறந்த பாவம். அக்காகிட்ட போன்ல சொன்னேன், மறுக்கல, "ஆமா தம்பி, வெளிறுன வாஷ்ஷ ஸ்கேனர் முழுங்கிடுது, அத திரும்ப கொண்டு வரப்போ அங்க மாட்டிக்குச்சு, அடுத்த தடவ மாத்தி தரேன்"னாங்க.

மூணாவது ராத்திரி படம், லேடீஸ் சீட்ங்குற வியூ பாயிண்ட்ல இருந்து கீழ சேலம் லைட்டு. இத வாங்காதீங்க. நேர்ல அந்த காட்சி எப்படி இருக்கும், நெருப்பு கொட்டி வெச்ச மாதிரி இருக்கும். ஒரிஜினல் படமும் நல்லாத்தான் இருக்கு, பாத்தேன். ஆனா பளபளப்பு இல்லாத மேட் பேப்பர்ல கருப்பு ஒரு அளவுக்கு மேல எறங்காது, அடுப்பு சாம்பல் மாதிரி நிக்கும், இருட்டு இருட்டா இல்லாதப்ப லைட்டு எப்படி லைட்டா தெரியும்? இது அவங்களுக்கும் தெரியும். டூரிஸ்ட் கேக்குறாங்கனு போடுறாங்களாம். கேட்டா கேக்கட்டும்க்கா.

இதுக்கு நேர் எதிரா ஒரு சம்பவம். ஜன்னல்ல ஒரு போகன்வில்லா படம் இருந்துச்சு, கண்ண பறிக்குற ரோஸ். அத பிரிண்ட் கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க. அந்த ரோஸ் நாலு கலர் இங்க்லயும் வராது, எந்த மெஷின்ல போட்டாலும் செங்கல் மாதிரியோ மிட்டாய் மாதிரியோதான் வரும், அது எங்களுக்கும் தெரிஞ்ச வலிதான், முகூர்த்த பட்டு கலர பத்திரிகைல கொண்டு வர சொல்லி எத்தன பேரு அப்பாகிட்ட சண்ட போட்டிருக்காங்க. அதுவும் போக அந்த ஃப்ளோரசன்ட் ரோஸ் வெளிச்சத்துல சீக்கிரம் வெளுத்துரும். அதனால இப்ப எல்லாம் பிரிண்ட்டுக்கு போகணும்னு முடிவு பண்ணிட்டா அந்த டியூப்பையே தொடாம வரையுறாங்களாம். வரைஞ்சுட்டு பிரிண்ட் போடுறது வேற, பிரிண்ட்ட மனசுல வெச்சே வரையுறது வேற. நான் பாத்த வரைக்கும் நெறைய பேரு மொதலாவத மட்டும்தான் பண்றாங்க.

கிஃப்ட் சுத்துற பேப்பரும் இருக்கு, ஷீட் 80 ரூபா. மெளகு கொடி டிசைன். சேலை டிசைன் போடுறவங்க "ரிப்பீட்"னு சொல்லுவாங்க, ஒரு கட்டம் திரும்ப திரும்ப வரும்போது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுனு தெரியக் கூடாது, இளம்பிள்ளைல தறிக்காரங்களுக்கு இது தண்ணிபட்ட பாடு. அக்கா ஒவ்வொரு இலையும் தனித்தனியா வரைஞ்சு வெட்டி, தரைல பரப்பி, நவத்தி நவத்தி வெச்சு அப்புறம்தான் கம்ப்யூட்டருக்கு போறாங்க. நல்லாத்தான் இருக்கு ஆனா ஒரு இலை மட்டும் ஓட்டையோட இருக்கு, புழு தின்னது, அது ஒவ்வொரு ஒம்பது இஞ்சுக்கும் வந்து வந்து மாட்டிக்குது. ஒரு தடவ கண்ணு அத புடிச்சுருச்சுனா அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

வெல பத்தி. ஆமா ஜாஸ்திதான். ஆஃப்செட்ல ஆயிரம் அடிச்சா ஒண்ணு பத்து இருவது ரூபாய்க்கு முடிஞ்சுரும், ஆனா ஆயிரம் அடிச்சு மெளகு மூட்டை மாதிரி அடுக்கி வெக்க முடியுமா, இவங்க கேக்க கேக்க ஒண்ணு ரெண்டா அடிக்குறாங்க, பிக்மென்ட் இங்க், பருத்தி பேப்பர், அதுக்கு இந்த வெல நியாயம்தான். படத்துக்கு கீழ பென்சில்ல 12/50னு போட்டு கையெழுத்து, அம்பதுல பன்னெண்டாவது பிரிண்ட்னு அர்த்தம். அப்பா இதுக்கு மட்டும் சிரிச்சுட்டாரு, "அம்பது அடிச்சதும் பிளேட்ட அழிச்சுருவாங்களா? பிளேட்டே இல்லையேடா, பைல் கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்குமே." நியாயமான கேள்வி. நான் அக்காகிட்ட கேட்டதுக்கு ஒரு கணக்கு நோட்ட எடுத்து காட்டுனாங்க, நம்பர், தேதி, வாங்குனவங்க ஊரு எல்லாம் எழுதி. நம்பிக்கைதான், வேற என்ன.

பிரிண்ட்னா மட்டம்னு நெனைக்குறவங்களுக்கு அப்பா எப்பவும் சொல்ற பதில் கொண்டையராஜு. கோவில்பட்டில உக்காந்து அவரு கைல வரைஞ்ச சாமி படம் எல்லாம் சிவகாசில காலண்டரா அடிச்சு எத்தன வீட்டு பூஜை ரூம்ல இருந்துச்சு, ஒரிஜினல எவன் பாத்தான், கும்புட்டது பூரா பிரிண்ட்டத்தானேம்பாரு.

பேக்கிங் சுமார். ஏ3ய டியூப்ல சுருட்டி குடுக்குறாங்க, உள்ள பட்டர் பேப்பர் போட்டு, அது சரிதான், ஆனா பிரிக்குறப்ப அடம் புடிச்சு சுருண்டுக்கும், ரெண்டு நாள் புக்கு அடில வெச்சாதான் நேராகும். பிரேம் அவங்ககிட்ட கெடையாது. இங்கதான் நான் மாட்டுனேன். கீழ டவுன்ல ஒரு பிரேம் கடைல குடுத்தேன், மவுண்ட் போர்டு வெச்சு கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல எடைவெளி விடுங்கனு சொல்லிட்டு வந்தேன், அந்தாளு தலைய ஆட்டிட்டு நேரா கண்ணாடிய படத்து மேலயே அமுக்கி ஆணி அடிச்சுட்டான். ஆடி மாச ஈரத்துல காப்பி பூ ஒரு மூலைல கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. பிரிக்க பாத்தா இலை உரியுது. அப்படியே விட்டுட்டேன். நீங்க குடுத்தா பக்கத்துலயே நின்னு பாத்து வாங்குங்க.

ஞாயித்துக்கிழமை போகாதீங்க, டிராஃபிக்ல மலை ஏறவே ரெண்டு மணி நேரம், போனா குப்பனூர் வழியா போங்க. கைல காசு வெச்சுக்கங்க, உள்ள சிக்னல் கெடைக்காது, நான் ஜிபே பண்ண வெளிய ரோடு வரைக்கும் நடந்தேன்.

படத்துக்கு அஞ்சுக்கு நாலரை, ராத்திரி படத்துக்காக அரை கட். பேக்கிங்குக்கு மூணு.

போஸ்ட் கார்டு ஒண்ணு இலவசமா குடுத்தாங்க, வெள்ளைக்கல் மலை, அது மட்டும் ஆஃப்செட், கீழ எங்கயோ அடிச்சது. அத அப்பா எடுத்து வெச்சுக்கிட்டாரு. ஸ்கேல் வெச்சு அளந்து பாத்து ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் கட்டிங் சாஞ்சிருக்குனு கண்டுபுடிச்சுட்டாரு. "எங்க வெட்டுனாங்கனு கேளு. கத்தி மழுங்கிப் போன மெஷினு. அடுத்த தடவ என்கிட்ட கொண்டாரச் சொல்லு, நான் ஆள் சொல்றேன்"னு ரெண்டு வாரமா சொல்லிட்டு இருக்காரு. மெஷின வித்து ஆறு வருஷம் ஆச்சு.